தடையாணையின் விலை

நுழையும்முன்

வழக்கில் உண்மை எப்பக்கம் உள்ளது என்பது தெரியும் முன்பே ஒருவரது செயலை நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. நிறுத்தியது பிழை எனப் பின்னர்த் தெரியவந்தால், இடையில் நேர்ந்த இழப்பை ஏற்பவர் யார்? இவ்வினாவிற்கு விடையாக உருவான ‘பிணை’ என்னும் ஏற்பாட்டை இப்பாடம் விளக்குகிறது.

சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் இரண்டு அச்சகங்கள் இருப்பதாகக் கொள்வோம். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் தம் பெயரைப் பொறித்து வாடிக்கையாளர்க்குப் புத்தாண்டில் வழங்கும் நாள்காட்டிகள் அவை. நவம்பர் மாத இறுதியில் முதல் அச்சகத்தார் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கின்றனர். தமக்கு உரிமையான ஓவியம் ஒன்றை இரண்டாம் அச்சகத்தார் அப்படியே எடுத்து அச்சிட்டுள்ளனர் என்பது குற்றச்சாட்டு. இரண்டாம் அச்சகத்தின் கிடங்கில் ஓர் இலட்சம் நாள்காட்டிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டுள்ளன. ஒன்றின் விலை 40 ரூபாய். அவற்றை வெளியே அனுப்பாமல் உடனே தடுக்க வேண்டும் என்பது வழக்குத் தொடுத்தவரின் வேண்டுகோள்.

நாள்காட்டி காலத்தோடு விலைபோகும் பொருள். தை பிறந்த பின் அதனைக் கேட்டு வருவோர் அரியர். வழக்கு முடிய ஓர் ஆண்டாகலாம், ஈராண்டும் ஆகலாம். இன்று தடுக்காவிட்டால் முதல் அச்சகத்தின் இவ்வாண்டு வணிகம் போய்விடும். தடுத்துவிட்டாலோ, இரண்டாம் அச்சகத்தின் 40 இலட்சம் ரூபாய்ச் சரக்கு எடைக்குப் போடும் பழைய தாளாகிவிடும். நீதிபதியின் மேசையில் அன்று இருப்பவை சில பிரமாணப் பத்திரங்களும் இரண்டு நாள்காட்டிகளும் மட்டுமே. ஓவியர் அப்படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இரண்டாம் அச்சகத்திற்கு விற்றிருந்தார் என்பது போன்ற செய்திகள் சாட்சி விசாரணையில்தான் வெளிவரும். ஆனால், ஆணையை இன்றே பிறப்பித்தாக வேண்டும்.

இத்தகைய நிலையில் பிறப்பிக்கப்படுவதே இடைக்காலத் தடையாணை. தமிழகத்து நீதிமன்ற ஆவணங்களில் இது ‘தற்காலிக உறுத்துக்கட்டளை’ என வழங்கப்பெறுகிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் கட்டளை இதற்கு வழிவகை செய்கிறது. தடையாணை கோருவோர் மூன்றினை மெய்ப்பிக்க வேண்டும் என நீதிமன்றங்கள் வகுத்துள்ளன. வழக்கில் முதல் நோக்கிலேயே அடிப்படை இருத்தல் வேண்டும். தடை விதிப்பதால் விளையும் இன்னலைவிட, விதிக்காமையால் விளையும் இன்னல் மிகுதியாக இருத்தல் வேண்டும். பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு நேரும் நிலையும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினாலும் நீதிபதி பிழைபட வாய்ப்புண்டு. அது அவரது திறமைக்குறைவு அன்று. முழுமையான சான்றுகள் வரும் முன்னரே முடிவெடுக்க நேர்வதன் விளைவு.

பிழையின் சுமை யாருக்கு?

ஆராயாது விதித்த தண்டனையின் பிழையை உணர்ந்த பாண்டியன் தன் உயிரையே ஈடாகத் தந்த காட்சியைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நீதி வழங்கியவனே பிழையின் சுமையை ஏற்றுக்கொண்ட காப்பிய உலகம் அது. இக்காலச் சட்டத்தில் நீதிபதி நன்னம்பிக்கையுடன் பிறப்பித்த ஆணைக்காக அவரிடம் இழப்பீடு கோர இயலாது. தடுக்கப்பட்டவரோ, ஆணையை மீறினால் தண்டனைக்கு உள்ளாவார். பணிந்தால் பொருளை இழப்பார். எஞ்சி நிற்பவர் தடையாணையைக் கேட்டுப் பெற்றவர் ஒருவரே. பிழை நேர்ந்தால் அதன் சுமை அவரையே சேர வேண்டும் என்பது பிணை ஏற்பாட்டின் அடிப்படை.

இவ்வெண்ணம் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் உருப்பெற்றது. 1841 முதல் 1851 வரை அந்நீதிமன்றத்தில் துணை வேந்தர் என்னும் நீதிபதிப் பதவியிலிருந்த நைட் புரூஸ் என்பவர், தடையாணை கேட்போரிடம் ஓர் உறுதிமொழியைப் பெறும் வழக்கத்தைத் தொடங்கினார். “இவ்வாணையால் எதிர்த்தரப்பினர் இழப்புற்று, அதனை நான் ஈடுசெய்ய வேண்டும் என நீதிமன்றம் பின்னர்க் கருதினால், அதற்குக் கட்டுப்படுவேன்” என்பது அவ்வுறுதிமொழியின் கருத்து. எதிர்த்தரப்பினரை முற்றிலும் கேளாமல் ஒருதலையாக வழங்கப்படும் ஆணைகளுக்கே முதலில் இது வேண்டப்பட்டது. பின்னர் எல்லா இடைக்காலத் தடையாணைகளுக்கும் விரிந்தது. இவ்வுறுதிமொழி எதிரிக்கு அன்றி நீதிமன்றத்திற்கே அளிக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது.

வாய்மொழி உறுதி வலிமையுடையதுதான். ஆயினும், உறுதியளித்தவர் ஈராண்டு கழித்துப் பணமின்றி நின்றால் அதனால் பயன் என்ன? இவ்விடத்தில்தான் மூன்றாமவர் ஒருவர் தேவைப்படுகிறார்.

புணையும் பிணையும்

தமிழில் ‘புணை’ என்னும் சொல் நீரைக் கடக்க உதவும் தெப்பத்தைக் குறிக்கும். ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்பதையும் குறிக்கும். ‘பிணை’ என்பதோ கட்டுதல் என்னும் பொருளில் பிறந்தது. மக்கள் நாவில் பெரிதும் வழங்கும் ‘ஜாமீன்’ அரபு மூலத்திலிருந்து வந்தது. ஜாமீன் என்றவுடன் சிறையிலிருந்து வெளிவருதலே பலர் நினைவுக்கு வரும். குற்றவியலில் பிணை ஓர் ஆளின் வருகைக்கு உறுதியளிக்கிறது. இங்குக் கூறப்படும் பிணை பணம் செலுத்தப்படுவதற்கு உறுதியளிக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 126ஆம் பிரிவில் பிணை ஒப்பந்தத்தை வரையறுக்கிறது. அதில் மூவர் உளர். பொறுப்பை நிறைவேற்ற வேண்டிய முதன்மைக் கடனாளி ஒருவர். அவர் தவறினால் தாம் நிறைவேற்றுவதாகக் கூறும் பிணையாளர் ஒருவர். அவ்வுறுதியைப் பெறும் கடனீந்தோர் ஒருவர். நாள்காட்டி வழக்கில் தடையாணை கேட்கும் முதல் அச்சகத்தாரே முதன்மைக் கடனாளி. அவருக்காகக் கையொப்பமிடும் வங்கியோ நிறுவனமோ பிணையாளர். பிணையின் பயன் இரண்டாம் அச்சகத்தாரைச் சேரும். மூவரையும் ஒரே கயிற்றில் கட்டும் ஆவணம் பிணைமுறி எனப்படும். முதன்மைக் கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே பிணையாளரின் பொறுப்பும் என்பது 128ஆம் பிரிவு கூறும் பொதுவிதி; ஒப்பந்தம் வேறு எல்லை வகுத்தால் அதுவே செல்லும்.

பிணையைக் காப்பீட்டோடு ஒன்றாகக் கருதுவது பரவலான மயக்கம். இரண்டிலும் ஒரு நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு பின்னர் நேரக்கூடிய தொகைக்குப் பொறுப்பேற்கிறது. ஆனால், தீக்காப்பீடு செய்த கடை எரிந்தால் இழப்பு காப்பீட்டு நிறுவனத்தோடு முடிகிறது. கடைக்காரரிடம் அத்தொகையை எவரும் திரும்பக் கேட்பதில்லை. பிணையாளர் செலுத்திய தொகையோ அவரோடு முடிவதில்லை. முறைப்படி செலுத்திய முழுத் தொகையையும் முதன்மைக் கடனாளியிடமிருந்து மீட்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவு அவருக்கு அளிக்கிறது. ஆகவே, பிணைக்கான கட்டணம் இழப்பை வேறொருவர் தலையில் ஏற்றுவதற்கான விலை அன்று. பிறர் நாணயத்தைக் கடனாகப் பெறுவதற்கான விலையாகும். பிணையளிக்கும் நிறுவனம், பிணை கேட்பவரின் கணக்கேடுகளையும் சொத்துகளையும் கடன்களையும் ஆராய்ந்த பின்னரே கையொப்பமிடுவதன் காரணம் இதுவே. ஐயம் எழுந்தால் வைப்புத்தொகையையோ நிலத்தின் பத்திரத்தையோ ஈடாகக் கேட்கும்.

[தெரிந்து தெளிவோம்: இந்தியாவில் நீண்ட காலமாக இத்தகைய பிணையை வங்கிகளே ‘வங்கி உத்தரவாதம்’ என்னும் பெயரில் பெரிதும் வழங்கி வந்தன. காப்பீட்டு நிறுவனங்களும் பிணைமுறி வழங்குவதற்கான வழிகாட்டு நெறிகளை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வகுத்தது. அவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒப்பந்தப் பணிகளுக்கான பிணைமுறிகளோடு நீதிமன்றப் பிணைமுறியும் அவற்றில் ஒரு வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது.]

தொகையை எவ்வாறு அளப்பது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி நீதிமன்றங்கள் பின்பற்றும் உரிமையியல் நடைமுறை விதிகளில் 65ஆம் விதி, பிணையைத் தடையாணையின் நிபந்தனையாகவே வைத்துள்ளது. பிழையாகத் தடுக்கப்பட்டவருக்கு நேரும் செலவையும் இழப்பையும் ஈடுசெய்ய, நீதிமன்றம் தக்கதெனக் கருதும் தொகைக்குப் பிணையளித்தாலன்றி இடைக்காலத் தடையாணை இல்லை. அந்நாட்டு அரசுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

இவ்விதியின் இயக்கத்தைக் காண ஆப்பிள், சாம்சங் என்னும் இரு பெருநிறுவனங்களின் வழக்குகள் துணைபுரியும். தன் பலகைக் கணினியின் வடிவமைப்புக் காப்புரிமையைச் சாம்சங்கின் ‘கேலக்ஸி டேப் 10.1’ மீறுவதாக ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி லூசி கோ 2012 ஜூன் 26 அன்று அக்கருவியின் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தார். அதற்காக ஆப்பிள் அளிக்க வேண்டிய பிணை 26 இலட்சம் டாலர். மூன்று நாள்கள் கழித்து, மற்றொரு வழக்கில் ‘கேலக்ஸி நெக்சஸ்’ என்னும் கைப்பேசிக்கும் அவரே தடை விதித்தார். இம்முறை பிணை ஏறத்தாழ 9 கோடியே 56 இலட்சம் டாலர்.

ஒரே நீதிபதி, ஒரே வாரம், அதே இரு தரப்பினர்; தொகையில் மட்டும் முப்பது மடங்கிற்கும் மேலான வேறுபாடு! பலகைக் கணினி வழக்கின் முழு விசாரணை அடுத்த மாதமே தொடங்கவிருந்தது. கைப்பேசி வழக்கின் விசாரணையோ 2014ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. தடை எத்தனை நாள் நீளும், அந்நாள்களில் எவ்வளவு விற்பனை நின்றுபோகும் என்பவற்றைப் பொறுத்தே பிழையின் விலையும் ஏறும்.

பிழைகள் நேரவும் செய்தன. 2012 ஆகஸ்டில் ஜூரிகள் சாம்சங்கின் பல கைப்பேசிகள் ஆப்பிளின் உரிமைகளை மீறியதாகக் கூறி 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தனர். ஆனால் தடைக்குக் காரணமான வடிவமைப்பைப் பலகைக் கணினி மீறவில்லை என்றனர். அக்டோபர் 1 அன்று அதன் மீதான தடை நீக்கப்பட்டது. அடுத்த பத்து நாள்களில் கைப்பேசியின் மீதான தடையையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பொதுவாக வழக்கில் வென்ற நிறுவனமே, தான் பெற்ற இடைக்காலத் தடையைப் பொறுத்தவரை பிழைபட்ட தரப்பாக நின்றது.

பிணை இல்லையெனில் என்னவாகும்? பின்னர்ப் பிழையெனக் கண்ட தடையாணையால் இழப்புற்றவருக்கு, பிணைமுறி இல்லாதவிடத்து இழப்பீட்டு உரிமை இல்லை என்னும் நெறியை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1983இல் எடுத்துரைத்தது. பிணைத்தொகையே பொதுவாக இழப்பீட்டின் உச்சவரம்பாகவும் கொள்ளப்படுகிறது. ஆதலின் தொகையை நிறுவும் சிறு விசாரணையில் வழக்கறிஞர் அசட்டையாக இருந்தால், பின்னர் வழக்கில் வென்றாலும் கட்சிக்காரரின் இழப்பு முழுவதும் மீளாது.

இந்தியாவின் நிலை

இந்தியச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கவில்லை. நீதிபதியின் தேர்வுக்கு விட்டுள்ளது. 39ஆம் கட்டளையின் 2ஆம் விதி, தடையின் கால அளவு, கணக்கு வைத்தல், பிணை அளித்தல் ஆகியவற்றைக் குறித்துத் தக்க நிபந்தனைகளை விதிக்கலாம் என்கிறது. ‘விதிக்கலாம்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் கேட்காத போது, நிபந்தனையற்ற தடையாணை பிறப்பதற்கு இச்சொல் இடந்தருகிறது.

போதிய காரணமின்றித் தடையாணை பெற்றவரிடமிருந்து இழப்பீடு பெற 95ஆம் பிரிவு எளிய வழியொன்றைத் தருகிறது. தனி வழக்கின்றி, அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்தாலே போதும். ஆனால் அத்தொகை 50,000 ரூபாயை மிகலாகாது. 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்வரம்பை உயர்த்தும் முன்னர் அது வெறும் 1,000 ரூபாயாகவே இருந்தது. இவ்விண்ணப்பத்தின் மீது ஆணை பிறந்துவிட்டால், அதே தடையாணைக்காகத் தனியே இழப்பீட்டு வழக்குத் தொடுக்கவும் இயலாது. சிவகாசி அச்சகத்தாரின் 40 இலட்சத்திற்கு எதிரே 50,000 என்ன செய்யும்? பெருவணிக இழப்புகளுக்கு இப்பிரிவு போதாது என்பது வெளிப்படை. எனவே, தடையாணை பிறக்கும் நாளிலேயே தக்க பிணையைக் கேட்டுப் பெறுவது எதிர்த்தரப்பினர்க்கு இன்றியமையாததாகிறது.

பிணையே மதிலாகும்போது

இழப்பைக் காக்கும் பிணை, அளவு மிஞ்சினால் நீதியின் வாயிலை அடைக்கும் மதிலாகவும் மாறும். இது தடையாணைக்கு மட்டும் உரியதன்று. தீர்ப்பின் தொகையைச் செலுத்தாமல் மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைக்க விரும்புவோரும் பிணையளிக்க வேண்டும். அமெரிக்காவின் டெக்சாக்கோ எண்ணெய் நிறுவனத்திற்கு நேர்ந்தது அவ்வகையினது. கெட்டி ஆயில் நிறுவனத்தை வாங்கியதில் பென்சாயில் நிறுவனத்திற்குத் தீங்கிழைத்ததாக 1985 நவம்பரில் ஹூஸ்டன் நகர ஜூரிகள் டெக்சாக்கோவுக்கு 1,053 கோடி டாலர் இழப்பீடு விதித்தனர். மேல்முறையீட்டுக் காலத்தில் வசூலைத் தடுக்க, தீர்ப்புத் தொகை முழுமைக்கும் வட்டியுடன் பிணை வேண்டும் என்றது டெக்சாஸ் மாநில விதி. அத்துணைப் பெரிய பிணையை டெக்சாக்கோவால் திரட்ட இயலவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அது பெற்ற தற்காலிகப் பாதுகாப்பையும் உச்சநீதிமன்றம் 1987 ஏப்ரல் 6 அன்று நீக்கியது. ஆறு நாள்களில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது. அவ்வாண்டின் இறுதியில் 300 கோடி டாலருக்கு இரு தரப்பினரும் உடன்பட்டனர். தீர்ப்பு சரியா என்பது முற்றிலும் ஆராயப்படும் முன்பே, பிணைத்தொகை பெருநிறுவனம் ஒன்றை மண்டியிடச் செய்தது. டெக்சாஸ் மாநிலம் 2003இல் இப்பிணைக்கு வரம்பு விதித்தது: கடனாளியின் நிகரச் சொத்தில் பாதி அல்லது 2 கோடியே 50 இலட்சம் டாலர், இவற்றுள் எது குறைவோ அது.

பெருநிறுவனத்திற்கே இந்நிலையெனில் எளியோர் என் செய்வர்? தம் கிணற்று நீரை ஆலைக்கழிவு கெடுப்பதாக முறையிடும் உழவர்களிடம், ஆலையை நிறுத்துவதால் நேரும் இழப்பு முழுவதற்கும் பிணை கேட்டால் அவர்கள் நீதிமன்றப் படியேறவே இயலாது. இதனை உணர்ந்த நீதிபதிகள் சில வழக்குகளில் பெயரளவிற்கே பிணை பெற்றனர். 1971இல் லூசியானா கடற்பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமைகளை ஏலமிடுவதை எதிர்த்து, இயற்கைவளப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வாஷிங்டன் நீதிமன்றத்தை நாடியது. தடையாணைக்கு நீதிமன்றம் கேட்ட பிணை 100 டாலர் மட்டுமே.

இங்கிலாந்தில் 1970களின் இறுதியில் எழுந்த வழக்கு இன்னும் நுட்பமானது. நைஜீரிய நிறுவனம் ஒன்றிற்குரிய வானூர்தியின் சுழல்விசிறி பட்டு ஒருவர் இறந்தார். அவர் மனைவி அரசின் சட்ட உதவியுடன் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். வானூர்தி நாட்டைவிட்டுப் பறந்துவிட்டால் வென்றாலும் பெறுவதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அதனைத் தடுத்து நிறுத்துமாறு வேண்டினார். வானூர்தி நாள்தோறும் சும்மா நிற்பதால் வரும் இழப்பை ஈடுசெய்வதாக அவர் அளிக்கும் உறுதிமொழிக்கு மதிப்பில்லை. அவரிடம் பணமே இல்லை என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. வறுமையைக் காரணம் காட்டி, செல்வர்க்குக் கிடைக்கும் பாதுகாப்பை ஏழைக்கு மறுத்தல் ஆகாது என்று தடையை நிலைநிறுத்தியது. இவ்வகைத் தடையில் எதிர்த்தரப்பினர்க்கும் ஒரு வழி உண்டு. கோரப்படும் தொகைக்குத் தாமே பிணையளித்தால், தடுக்கப்பட்ட பொருளை மீட்டுக்கொள்ளலாம்.

மீண்டும் சிவகாசி வழக்கிற்கு வருவோம். நீதிபதிக்கு இப்போது பல வழிகள் தெரிகின்றன. 40 இலட்சத்தில் பழைய தாளாக விற்றால் கிடைக்கும் இரண்டு இலட்சத்தைக் கழித்து, 38 இலட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தருமாறு பணித்துத் தடையாணை வழங்கலாம். அச்சகத்தை விட்டு விலகிப்போகும் துணிக்கடைகள் அடுத்த ஆண்டு திரும்பி வருமா என்னும் ஐயத்திற்காகச் சற்றுக் கூட்டவும் செய்யலாம். முதல் அச்சகத்தார் அவ்வளவு வசதியற்றவராயின், தொகையைக் குறைத்து விசாரணையை விரைவுபடுத்தலாம். விற்பனையைத் தடுக்காமலே விட்டு, எத்தனை நாள்காட்டிகள், எவ்விலைக்கு, எந்தக் கடைக்குச் சென்றன என்னும் கணக்கை இரண்டாம் அச்சகத்தார் வாரந்தோறும் நீதிமன்றத்தில் ஒப்படைக்குமாறும், விற்ற தொகையில் ஒரு பங்கை வைப்பாகச் செலுத்துமாறும் ஆணையிடலாம். இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும் டிசம்பர் முதல் வாரத்திற்குள் தேர்ந்தாக வேண்டும். கிடங்கின் வாயிலில் சரக்குந்துகள் காத்து நிற்கின்றன.